நோய் எதிர்ப்புள்ள வெங்காய இரகத்தை மரபணுக் குறிப்பான்களின் துணையோடு உருவாக்குதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

வெங்காயத்தில் புதிய இரகம் உருவாக்குவது பெரும்பாலான காய்கறிப் பயிர்களைக் காட்டிலும் மெதுவாக நடக்கும் வேலை. விதைத்த முதல் பருவத்தில் குமிழ் கிடைக்கிறது. அந்தக் குமிழைச் சேமித்து, குளிர் ஏற்றி, மறுபடி நட்டால்தான் பூத்தண்டு எழும்பி விதை வருகிறது. ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும் என்பதால், தவறான செடியைத் தேர்ந்தெடுத்தால் இழப்பது ஒரு பருவத்தை அல்ல, ஒரு முழுச் சுற்றை. ஒரு மரபணுவுக்கு அருகே இருந்து அதன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ அடையாளங்களான மரபணுக் குறிப்பான்களின் மதிப்பு இங்குதான் இருக்கிறது. இரண்டு இலை விட்ட நாற்றின் இலை நுனியைக் கிள்ளிச் சோதித்து, எதிர்ப்பு மரபணு அதில் இருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே, பூப்பதற்கு வெகு முன்பே சொல்லிவிட முடியும்.

ஆனால் குறிப்பான் எதையும் தானாக அறிவதில்லை. நோயைக் கவனமாக அளந்து நாம் திரட்டிய தரவு எவ்வளவு நம்பத்தக்கதோ, அதன்மீது கட்டிய குறிப்பானும் அவ்வளவுதான் நம்பத்தக்கது. கீழ்வரும் படிகளில் ஆய்வுக்கூட வேலையைவிட நோய் அளவீட்டுக்கு அதிக இடம் கொடுத்திருப்பதற்கு இதுவே காரணம்.

படி 1: எந்த நோய் என்று முடிவு செய்தல்

வெங்காயத்தைத் தாக்கும் முக்கிய நோய்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இயல்புடையவை. பெரொனோஸ்போரா டிஸ்ட்ரக்டர் உண்டாக்கும் அடிச்சாம்பல் நோய், ஆல்டர்னேரியா போரி உண்டாக்கும் ஊதாப்புள்ளி நோய், ஸ்டெம்ஃபைலியம் இலைக்கருகல், ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் பூஞ்சையால் வரும் அடியழுகல், இளஞ்சிவப்பு வேர்நோய், இலைப்பேன் பரப்பும் ஐரிஸ் மஞ்சள் புள்ளி வைரஸ் ஆகியவை முதன்மையானவை. இவை அனைத்தையும் ஒரே இரகத்தில் தடுக்க நினைத்துத் தொடங்குபவர் பெரும்பாலும் எதையும் முடிப்பதில்லை. முதலில் ஒரு நோய், அதிகம் போனால் இரண்டு என்று வரையறுத்துக்கொள்வது நல்லது.

அந்த நோயின் எதிர்ப்பு ஒற்றை மரபணுவால் ஆளப்படுகிறதா, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. அடிச்சாம்பல் நோய்க்கு 'பிடி1' என்ற, ஒரு பிரதி இருந்தாலே பண்பைக் காட்டும் ஓங்கிய ஒற்றை மரபணு அறியப்பட்டிருக்கிறது. ஊதாப்புள்ளி நோய்க்கு அர்கா கல்யாண் என்ற இரகத்திலிருந்து 'ஏபிஆர்1' என்ற மரபணு, குரோமோசோம்களில் மரபணுக்களின் இடத்தைக் காட்டும் வரைபடத்தில் இடங்காணப்பட்டு, 2018இல் அதற்கான குறிப்பான்கள் வெளியாகின. அடியழுகல் எதிர்ப்போ பெரும்பாலும் பல மரபணுக்கள் சேர்ந்து ஆளும் அளவுசார் பண்பாகவே நடந்துகொள்கிறது. ஒற்றை மரபணு என்றால் சந்ததியை மேம்படுத்த நினைக்கும் இரகத்தோடே மீண்டும் மீண்டும் கலக்கும், கீழே சொல்லும் பின்கலப்பு வழி நேராகப் பொருந்தும். பல மரபணுக்கள் என்றால், பெரிய விளைவுள்ள இரண்டு மூன்று இடங்களை மட்டும் குறிப்பானால் பிடித்து, மீதியை வயலில் தேர்வு செய்வதே நடைமுறைக்கு ஏற்றது. மரபுத்தொகுதி (செடியின் மொத்த டிஎன்ஏ) முழுவதும் பரவிய ஆயிரக்கணக்கான குறிப்பான்களைக் கொண்டு ஒவ்வொரு செடியின் மதிப்பையும் கணிக்கும் மரபுத்தொகுதித் தேர்வு முறையும் உண்டு. எனினும் போதுமான நோய்த் தரவு கைவசம் இல்லாதவர் அதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 2: எதிர்ப்பின் மூலத்தைத் தேடுதல்

தேடலை எப்போதும் வெங்காயத்துக்குள்ளேயே தொடங்குங்கள். பழைய நாட்டு இரகங்கள், மரபுவள வங்கிகளில் உள்ள சேகரிப்புகள் ஆகியவற்றில் கிடைக்கும் எதிர்ப்பு, அளவில் சுமாராக இருந்தாலும், கலப்புக்குத் தடையின்றி வரும். அது போதாதபோதுதான் காட்டு உறவினங்களிடம் போக வேண்டும். இமயமலைப் பகுதியைச் சேர்ந்த அல்லியம் ராய்லி, வெங்காயத்தோடு கலந்து ஓரளவு வளமான சந்ததியைத் தருகிறது. பிடி1 அங்கிருந்து வந்ததே. தழைவெங்காயம் எனப்படும் அல்லியம் ஃபிஸ்டுலோசம் பல நோய்களுக்கு நல்ல எதிர்ப்பு கொண்டது. ஆனால் வெங்காயத்தோடு நேரடியாகக் கலந்தால் முதல் தலைமுறைச் செடிகள் ஏறக்குறைய மலடாகிவிடுகின்றன. ஆகவே ஃபிஸ்டுலோசத்தை முதலில் ராய்லியோடு கலந்து, அந்தச் சந்ததியை வெங்காயத்தோடு கலக்கும் பாலக் கலப்பு முறையை நெதர்லாந்து ஆய்வாளர்கள் கையாண்டனர். இத்தகைய கலப்புகளில் கரு முதிராமல் அழிவதுண்டு என்பதால், இளங்கருவை எடுத்து ஊட்டக் கரைசலில் வளர்க்கும் வசதி தேவைப்படலாம்.

படி 3: நோயை அளவிடுதல்

திட்டத்தின் வெற்றி தோல்வி இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. நோய் வந்ததா இல்லையா என்று பார்ப்பதும் எதிர்ப்பை அளப்பதும் ஒன்றல்ல. இயற்கையாக வயலில் நோய் பரவட்டும் என்று காத்திருந்தால், நோய்க்கிருமி எட்டாத செடியையும் எதிர்ப்புள்ள செடி என்று எழுதிவைத்துவிடுவோம். அந்தத் தவறு வரைபடத்துக்குள் புகுந்தால் மரபணுவின் இடமே தள்ளிப்போகும்.

ஊதாப்புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். ஆல்டர்னேரியா வித்துகளைத் தெளித்து, இலை ஈரம் பல மணி நேரம் காயாதபடி மூடாக்கு போட்டு, 25 டிகிரி செல்சியஸ் ஒட்டிய வெப்பநிலையில் வைத்தால் சில நாட்களில் நீர்கோத்த சிறு புள்ளிகள் தோன்றி, பிறகு ஊதா நடுப்பகுதியும் மஞ்சள் விளிம்பும் கொண்ட நீள்வட்டப் புண்களாக விரியும். இதில் மூன்று இடங்களில் கண் ஏமாறும். ஒன்று, இந்நோய் முதிர்ந்த இலைகளையே எளிதில் பிடிக்கும். சீக்கிரம் குமிழ் கட்டும் செடியின் இலை சீக்கிரம் முதிர்வதால், அது எதிர்ப்பற்றது போலத் தோன்றும், தாமதமாக முதிரும் செடி எதிர்ப்புள்ளது போலத் தோன்றும். நீங்கள் இடங்கண்டது நோய் எதிர்ப்பு மரபணுவாக இல்லாமல் முதிர்ச்சிக்கால மரபணுவாக இருக்கக்கூடும். ஆகவே விதைத்த நாளை மட்டும் நம்பாமல், ஒரே வரிசை எண் கொண்ட இலையை எல்லாச் செடிகளிலும் ஒப்பிட வேண்டும். இரண்டு, இலைப்பேன் சுரண்டிய காயங்கள் வழியாகப் பூஞ்சை எளிதில் நுழையும் என்பதால், சோதனைத் திடலில் இலைப்பேனைக் கட்டுப்படுத்தாவிட்டால் பேனுக்குப் பிடிக்காத செடிதான் தேர்வாகும். மூன்று, ஸ்டெம்ஃபைலியம் பூஞ்சையும் இதே புண்களில் குடியேறும். சில புண்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, நுண்ணோக்கியில் வித்தின் வடிவத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

அடியழுகலில் சிக்கல் வேறு விதமானது. நோய்க்கிருமி கலந்த மண்ணில் நாற்றுகளை வளர்த்துப் பார்ப்பது வேகமான சோதனை. முதிர்ந்த குமிழின் அடித்தட்டைச் சீவி அங்கே பூஞ்சையை வைத்துப் பார்ப்பது மெதுவானது. நாற்றில் தாங்கிய குடும்பம் குமிழிலும் தாங்கும் என்ற உறுதி இல்லை. சேமிப்பு அழுகலைத் தடுப்பதே குறிக்கோள் என்றால் குமிழ்ச் சோதனையைத் தவிர்க்க வழியில்லை. அடிச்சாம்பல் கிருமியை ஊடகத்தில் வளர்க்கவே முடியாது. உயிருள்ள வெங்காயச் செடியிலேயே அதைத் தொடர்ந்து பேண வேண்டும், குளிர்ந்த ஈரமான சூழலும் வேண்டும். வைரஸைப் பொறுத்தவரை, இலையில் மெழுகுப் பூச்சு குறைந்து பளபளப்பாகத் தெரியும் செடிகளில் இலைப்பேன் குறைவாகச் சேர்கிறது என்பதால், வைரஸை அளப்பதைவிட மெழுகை அளப்பது எளிதாக இருக்கிறது.

எந்த நோயானாலும், எதிர்ப்புள்ள பெற்றோரையும் எதிர்ப்பற்ற பெற்றோரையும் ஒவ்வொரு பாத்தியிலும் மீண்டும் மீண்டும் நடுங்கள். எதிர்ப்பற்ற பெற்றோருக்கு நோய் முழுமையாக வராத பாத்தியின் தரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 4: வரைபடத்துக்கான சந்ததியை உருவாக்கி, குறிப்பானைக் கண்டறிதல்

உங்கள் மரபணுவுக்கு ஏற்கெனவே நம்பகமான குறிப்பான் வெளியாகியிருந்தால் இந்தப் படியின் பெரும்பகுதி தேவையில்லை. இல்லையென்றால், எதிர்ப்புள்ள செடியையும் எதிர்ப்பற்ற செடியையும் கலந்து, முதல் தலைமுறைச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, 150 முதல் 200 வரையிலான இரண்டாம் தலைமுறைச் செடிகளைப் பெறுங்கள். ஒற்றைச் செடியின் நோய் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்பதால், அந்தச் செடி ஒவ்வொன்றையும் தனித்தனி வலைக்கூண்டுக்குள் பூக்கவிட்டு, அதிலிருந்து கிடைக்கும் மூன்றாம் தலைமுறைக் குடும்பத்தைப் பல பாத்திகளில் சோதித்து, சராசரியை அதன் தாய்ச்செடிக்கு எழுதுவதே சரியான வழி. காலம் நீளும், ஆனாலும் இங்கே அவசரப்பட்டால் பின்னால் ஒவ்வொரு படியிலும் விலை கொடுக்க நேரும்.

பிறகு மிகத் தெளிவாக எதிர்ப்புள்ள 10 செடிகளின் டிஎன்ஏவை ஒரு கலவையாகவும், மிகத் தெளிவாக எதிர்ப்பற்ற 10 செடிகளின் டிஎன்ஏவை மற்றொரு கலவையாகவும் சேர்த்து ஒப்பிட்டால், இரண்டுக்கும் இடையே சீராக மாறுபடும் பகுதிகள் மட்டும் வெளிப்படும். அந்தப் பகுதிகளை மட்டும் முழுச் சந்ததியிலும் சோதித்து வரைபடம் தயாரிக்கலாம். 2021இல் வெங்காய மரபுத்தொகுதியின் வரைவு வெளியானபின், ஒரு பகுதியைச் சுற்றிப் புதிய குறிப்பான்களை வடிவமைப்பது முன்பைவிடப் பெரிதும் எளிதாகியிருக்கிறது.

குறிப்பானைத் தேர்ந்தெடுக்கையில் இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். முதலாவது, அது மரபணுவின் இரு பக்கமும் அமைய வேண்டும். மரபணுவிலிருந்து 5 சென்டிமோர்கன் (ஒரு சென்டிமோர்கன் என்பது ஒரு தலைமுறையில் நூற்றுக்கு ஒரு முறை இணைப்பு முறியும் தொலைவு) தொலைவில் ஒரே ஒரு குறிப்பான் இருந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் 5 சதவீதச் செடிகளில் குறிப்பான் இருந்தும் மரபணு இருக்காது. நான்கு பின்கலப்புகளின் முடிவில் மரபணு கைநழுவியிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம். இருபுறமும் அதே தொலைவில் ஒவ்வொரு குறிப்பான் இருந்தால், ஒரு தலைமுறையில் தவறும் வாய்ப்பு 0.3 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டாவது, எதிர்ப்பு மரபணுவின் ஒரு பிரதி உள்ள செடியையும் இரு பிரதி உள்ள செடியையும் அது பிரித்துக் காட்ட வேண்டும். ஓங்கிய மரபணு என்றால் நோய்ச் சோதனையால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

வெங்காயத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. நெல் இரகம் எல்லாச் செடிகளும் மரபில் ஒன்றான தூய வரிசை; வெங்காய இரகம் அப்படி அல்ல. அயல் மகரந்தச் சேர்க்கையால் ஒவ்வொரு செடியும் மரபில் சற்று வேறானது. எதிர்ப்போடு இணைந்தது என்று நீங்கள் கருதும் குறிப்பான் வடிவம், மேம்படுத்த நினைக்கும் இரகத்தின் சில செடிகளிலும் எதிர்ப்பு இல்லாமலேயே இருக்கக்கூடும். அந்த இரகத்தின் 30 செடிகளையாவது முன்கூட்டியே சோதித்து, அந்த வடிவம் எதிலும் இல்லை என்று உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

படி 5: டிஎன்ஏ எடுத்தலும் சோதனைத் தட்டும்

வெங்காயத்தின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 1,600 கோடி டிஎன்ஏ கார இணைகள் நீளம் கொண்டது. மனித மரபுத்தொகுதியைப் போல ஐந்து மடங்கு, நெல்லைப் போல சுமார் 40 மடங்கு. இதன் நடைமுறை விளைவைப் புதியவர்கள் அடிக்கடி கவனிப்பதில்லை. பத்து நானோகிராம் நெல் டிஎன்ஏவில் ஒரு மரபணுவின் 20,000க்கும் மேற்பட்ட பிரதிகள் இருக்கும். அதே எடை வெங்காய டிஎன்ஏவில் சுமார் 600 மட்டுமே. மற்றப் பயிர்களுக்கு எழுதிய, டிஎன்ஏ துண்டைப் பலமடங்கு பெருக்கும் பிசிஆர் செய்முறையை அப்படியே பின்பற்றினால் முடிவு மங்கலாக வருவது இதனால்தான். ஒரு வினைக்கு 50 நானோகிராம் அளவில் தொடங்குவது நல்லது.

இளம் இலை நுனியிலிருந்து சுமார் 100 மில்லிகிராம் போதும். சிடிஏபி என்ற வேதிப்பொருளைக் கொண்டு டிஎன்ஏவைப் பிரிக்கும் முறையில் எடுக்கும்போது, வெங்காய இலையின் வழவழப்பான சர்க்கரைப் பொருட்கள் டிஎன்ஏவோடு சேர்ந்து வரும். குழாயின் அடியில் படியும் பொருள் வெண்ணிற இழையாக இல்லாமல் கூழாக அசைந்தால், கரைசலில் உப்பின் செறிவைக் கூட்டிக் குளோரோஃபார்ம் கழுவலை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஆர்என்ஏவை நொதியால் நீக்காமல் விட்டால் அளவீடு பொய்யாக உயர்ந்து காட்டும்.

தொண்ணூற்றாறு குழித் தட்டு ஒன்றை நிரப்பும்போது, நாற்றுத் தட்டின் குழி எண்ணும் டிஎன்ஏ தட்டின் குழி எண்ணும் ஒன்றாக இருக்கும்படி அமைத்துக்கொண்டால் பெயர் மாறும் பிழை பெரும்பாலும் ஒழியும். ஒவ்வொரு தட்டிலும் எதிர்ப்புள்ள பெற்றோர், எதிர்ப்பற்ற பெற்றோர், முதல் தலைமுறைக் கலப்பு, வெறும் நீர் ஆகிய நான்குக்கும் இடம் ஒதுக்குங்கள். ஒளிர்வைக் கொண்டு படிக்கும் காஸ்ப் முறையில் புள்ளிகள் மூன்று தெளிவான கூட்டங்களாக (இரு பிரதி, ஒரு பிரதி, பிரதி இல்லாதவை) பிரிந்து விழ வேண்டும். இரு கூட்டங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் புள்ளியைக் கண்ணால் ஊகித்து ஒரு பக்கம் சேர்க்காமல், அந்தச் செடியை மறுபடி சோதிக்க வேண்டும். நீர்க்குழியில் ஒளிர்வு தெரிந்தால் தட்டு முழுவதையும் ஒதுக்குங்கள்.

படி 6: கலப்பு செய்தல்

வெங்காயப் பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் உண்டு. அவை ஒரே நாளில் விரியாமல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தொடர்ந்து விரியும். ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப் பைகள்: உள்வட்டத்து மூன்றும் முதலில் வெடிக்கும், வெளிவட்டத்து மூன்றும் பின்தொடரும், அதன் பிறகே சூல்தண்டு நீண்டு மகரந்தத்தை ஏற்கும் நிலைக்கு வரும். இந்த இடைவெளி நமக்குச் சாதகமானது. தினமும் காலையில் புதிதாக விரிந்த பூக்களின் பைகளை வெடிப்பதற்கு முன் சிறு இடுக்கியால் நீக்கி, ஏற்கெனவே பார்க்காமல் விரிந்துவிட்ட பூக்களைக் கிள்ளியெறிந்து, சூல்முடி ஒட்டும் தன்மை பெற்றதும் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இவ்வளவு செய்தாலும் சில விதைகள் தன்மகரந்தத்தால் உண்டாகும்; அவற்றை நாற்றுப் பருவத்திலேயே குறிப்பான் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், இரு பெற்றோர் பூங்கொத்துகளையும் ஒரே கூண்டில் ஈக்களோடு அடைத்து, கலப்பைப் பின்னர் பிரித்தெடுக்கும் எளிய வழியும் இப்போது சாத்தியமாகிறது.

படி 7: பின்கலப்பும் செடிகளின் எண்ணிக்கையும்

முதல் பின்கலப்பில் மேம்படுத்தும் இரகத்தின் பங்கு சராசரியாக 75 சதவீதம், பிறகு 87.5, 93.75 என ஏறும். இருபுறக் குறிப்பான்களால் மரபணுவைப் பிடித்துக்கொண்டு, மற்றக் குரோமோசோம்களில் பரவலாக இட்ட குறிப்பான்களால் எதிர்ப்பு மூலத்தின் பங்கு குறைந்த செடியைத் தேர்ந்தால் ஒரு சுற்றையாவது மிச்சப்படுத்தலாம். வெங்காயத்தில் ஒரு சுற்று என்பது இரண்டு ஆண்டுகள்.

எத்தனை நாற்று வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பின்கலப்பில் பாதிச் செடிகளில் மரபணு இருக்கும். 95 சதவீத உறுதியோடு ஒன்றாவது கிடைக்க 5 நாற்றுகள் போதும். இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேண்டுமென்றால் 11, மூன்றென்றால் 23. ஆனால் மரபணுவுக்கு ஒரு சென்டிமோர்கன் தொலைவுக்குள் குரோமோசோம் முறிந்து இணைந்த செடி வேண்டுமானால் 299 நாற்றுகளைச் சோதித்தாக வேண்டும். வெங்காய விதை ஓராண்டுக்குள்ளேயே முளைப்புத்திறனை வேகமாக இழக்கும் என்பதால், முளைப்பு விழுக்காட்டைச் சோதித்து அதற்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தற்கலப்பால் வெங்காயம் விரைவில் நலியும். எனவே ஒவ்வொரு பின்கலப்பிலும் மேம்படுத்தும் இரகத்தின் ஒரே செடியை மறுபடி மறுபடி பயன்படுத்தாமல், வெவ்வேறான பல செடிகளோடு கலந்து, இறுதியில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல எதிர்ப்புச் செடிகளை நிறுத்துவது கட்டாயம். குறிப்பானில் மட்டும் கண் வைத்து ஒரே செடியிலிருந்து இரகத்தை எழுப்பியவர்களுக்கு எதிர்ப்பு கிடைக்கும், வீரியம் கிடைக்காது.

படி 8: ஒட்டிவரும் தீங்கை அறுத்தல்

இதற்கு பிடி1 மரபணுவின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் கிடையாது. மூன்றாம் குரோமோசோமில் அமைந்த இந்த மரபணுவை ராய்லியிலிருந்து வெங்காயத்துக்குக் கொண்டுவந்த நெதர்லாந்து ஆய்வாளர்கள், எதிர்ப்புள்ள செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தபோது, நான்கில் ஒரு பங்கு இரு பிரதி கொண்டவையாக வர வேண்டியிருந்தும், அத்தகைய செடிகள் பிழைத்து வரவில்லை. பிடி1க்கு மிக அருகே, இரு பிரதி சேர்ந்தால் செடியைக் கொல்லும் காரணி ஒன்றும் ராய்லியிலிருந்தே உடன் வந்திருந்தது. குறிப்பான்களின் துணையோடு, அந்தக் காரணிக்கும் மரபணுவுக்கும் இடையே முறிவு நிகழ்ந்த செடியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே இரு பிரதி கொண்ட, நிலையான எதிர்ப்புள்ள வெங்காயம் கிடைத்தது. முழுப் பணிக்கும் சுமார் 20 ஆண்டுகள் ஆயின. 2007இல் அந்த வெற்றி வெளியிடப்பட்டது.

ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் குறிப்பான் விகிதத்தைக் கணக்கிடுங்கள். பின்கலப்பில் ஒன்றுக்கு ஒன்று, தன்மகரந்தத்தில் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. இது கணிசமாகச் சாய்ந்தால் பெயர்ப்பலகை மாறியதா, அயல் மகரந்தம் புகுந்ததா என்று முதலில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அருகிலேயே தீய காரணி ஒன்று ஒட்டியிருக்கிறது என்று கொண்டு, பெரிய எண்ணிக்கையில் முறிவுச் செடிகளைத் தேடுவதைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.

படி 9: இரு பிரதிச் செடிகளும் வீரிய ஒட்டு வரிசைகளும்

கடைசிப் பின்கலப்புச் செடிகளைத் தன்மகரந்தத்துக்கு விட்டு, இரு பிரதி உள்ளவற்றைக் குறிப்பானால் பிரித்தெடுங்கள். ஒரு மரபணுவுக்கு ஒரு குடும்பத்தில் 11 நாற்றுகள் போதும், மூன்று மரபணுக்கள் ஒருசேர வேண்டுமென்றால் 191. பல குடும்பங்களிலிருந்து தேர்ந்த இரு பிரதிச் செடிகளை ஒரே கூண்டில் தம்முள் கலக்கவிட்டால் பொது மகரந்தச் சேர்க்கை இரகத்தின் அடிப்படைத் தொகுதி தயாராகும்.

வீரிய ஒட்டு இரகம் நோக்கமென்றால் ஆண்மலட்டுத்தன்மையையும் கூடவே கவனிக்க வேண்டும். ஹென்றி ஜோன்ஸ் 1925இல் கலிபோர்னியாவின் டேவிஸில் இத்தாலியன் ரெட் இரகத்தில் ஆண்மலடான ஒரு செடியைக் கண்டு, விதை தராத அதைப் பூங்கொத்தில் தோன்றிய சிறு குமிழ்களால் காப்பாற்றினார். இன்றைய வெங்காய ஒட்டு விதைத் தொழிலின் தொடக்கம் அந்தச் செடிதான். ஆண்மலட்டு வரிசைக்கு மகரந்தம் தந்து அதைப் பெருக்கும் பராமரிப்பு வரிசைக்கு இயல்பான சைட்டோபிளாசமும் (உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி), உட்கருவில் வளம் மீட்கும் மரபணு இல்லாமையும் வேண்டும். கலப்புச் சோதனையால் மட்டும் இதை அறிய 4 முதல் 8 ஆண்டுகள் ஆகும். சைட்டோபிளாசத்துக்கும் உட்கரு மரபணுவுக்கும் உள்ள குறிப்பான்களால், எதிர்ப்பைச் சோதிக்கும் அதே டிஎன்ஏவிலேயே இதையும் அறிந்துவிடலாம். எதிர்ப்பு ஓங்கியதாக இருந்தால் ஒரு பெற்றோரில் மட்டும் இரு பிரதி இருந்தாலே ஒட்டு விதை முழுவதும் எதிர்ப்புடையதாகும்.

படி 10: வயல் சோதனையும் விதைத் தூய்மையும்

குறிப்பானில் தேறிய வரிசைகளை மறுபடி நோய்ச் சோதனைக்கு உட்படுத்துங்கள். வெவ்வேறு இடங்களில், குறைந்தது இரண்டு பருவங்களில், வெவ்வேறு இடங்களிலிருந்து பிரித்தெடுத்த நோய்க்கிருமி வகைகளோடு. மகசூல், குமிழின் அளவு, தோலின் நிறம், காரம், சேமிப்பில் முளைத்தல், அழுகுதல் ஆகியவற்றை, மேம்படுத்தத் தொடங்கிய பழைய இரகத்தோடு அருகருகே நட்டு ஒப்பிட வேண்டும். எதிர்ப்பு இருந்தும் சேமிப்பில் முளைத்துவிடும் குமிழை யாரும் இரண்டாம் முறை பயிரிட மாட்டார்கள். ஒற்றை மரபணுவின் எதிர்ப்பை நோய்க்கிருமி ஒரு நாள் மீறக்கூடும் என்பதால், இரண்டாவது மூலத்தைச் சேர்க்கும் கலப்பை இந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

விதை பெருக்கத்தின்போது தேனீக்கள் வெகுதூரம் மகரந்தத்தைச் சுமந்துவரும். அடிப்படை விதையைக் கூண்டுக்குள்ளேயே பெருக்கி, ஒவ்வொரு விதைத் தொகுதியிலிருந்தும் எழுமாறாக எடுத்த நாற்றுகளை அதே இருபுறக் குறிப்பான்களால் சோதித்து, எதிர்ப்பு வடிவம் இல்லாத நாற்றுகள் ஏற்கத்தக்க அளவைத் தாண்டினால் அந்தத் தொகுதியை விநியோகத்துக்கு விடாமல் நிறுத்திவைத்து, முந்தைய தலைமுறையின் சேமிப்பு விதையிலிருந்து பெருக்கத்தை மீண்டும் தொடங்க வேண்டும்.